ராக்காயியின் பொய்க்கறி

பொகவந்தலாவைக்கு மேலே பஸ் ரோடு முடிகிற இடத்திலிருந்து இரண்டு மைல் ஏறினால் ஊசிக்கல் தோட்டம். ஐம்பதுகளில் அந்தத் தோட்டத்தில் ஆட்டுக்கறி என்று பேச்செடுத்தால் ராக்காயியின் பெயர் வராமல் இருக்காது. கொழுந்து பறிப்பதில் அவளைவிடக் கைவேகமான பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். மசாலா வறுத்து அரைப்பதிலும், அதை எந்த நேரத்தில் எண்ணெயில் போட்டு எந்த நேரத்தில் இறக்குவது என்பதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. திருவிழாவோ, கல்யாணமோ, முதலில் கூப்பிடுவது அவளைத்தான். கறி வெந்ததா என்று அவள் நசுக்கிப் பார்க்கமாட்டாள். மூடியைத் தூக்கி, எழும் ஆவியை மோந்துவிட்டு, "இன்னும் ஒரு கொதி" என்பாள். அது சரியாக இருக்கும்.

சமைப்பதைப் போலவே சாப்பிடுவதிலும் அவளுக்கு ஆசை. நெஞ்செலும்பைத் தனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டு, எல்லோரும் எழுந்து போனபிறகும் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருப்பாள். புருசன் வீரய்யா கேலி செய்வான். "அந்த ஆடே திரும்பி வந்து கேட்டாலும் குடுக்கமாட்ட போல" என்பான்.

அப்படிப்பட்டவள் முப்பத்துநாலு வயதில் கறியை விட்டாள்.

ஐம்பத்தாறாம் வருசம் ஆடி மாதம். ஒன்பது நாளாக மழை விடவில்லை. வரிசை வீடுகளாக இருந்த அவர்கள் லயத்தில் ஒன்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து தீபாவளிக்காக ஒரு கிடாய்க் குட்டி வாங்கி, லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கட்டியிருந்தார்கள். முறை வைத்துப் புல் அறுத்துப் போடுவார்கள். அன்று ராக்காயியின் முறை. மத்தியானம் புல்லுக்கட்டோடு கொட்டகைக்குள் குனிந்தவளுக்கு மேலே ஏதோ உறுமுவது கேட்டது. நிமிர்வதற்குள் மேட்டு மண் மொத்தமாக வந்து இறங்கிவிட்டது.

கண்ணைத் திறந்தபோது மார்பு வரைக்கும் சேறு. இடுப்பின்மேல் ஒரு மரத்துண்டு அழுத்திக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே தகரம் சாய்ந்து நின்றதால் மூச்சுவிட இடமிருந்தது. பக்கத்தில் ஆடும் புதைந்து கிடந்தது. அதன் தலை மட்டும் அவள் தோளோடு ஒட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கத்திப் பார்த்தாள். தண்ணீர் பாயும் சத்தத்தில் அது அவள் காதுக்கே எட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது.

ஆடு மட்டும் விடாமல் கத்தியது. அதன் மூச்சு சூடாக அவள் கழுத்தில் பட்டது. அது கத்துவதை நிறுத்தும்போதெல்லாம் செத்துவிட்டதோ என்று பயந்து, விரலால் அதன் காதைத் தடவுவாள். திரும்பக் கத்தும்.

லயத்து ஆண்கள் அவள் தண்ணீருக்குப் போயிருப்பாள் என்று நினைத்துப் மலைத்தண்ணீர் விழும் பீலிப்பக்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டுச் சத்தத்தை முதலில் கேட்டவர் லயத்தின் கடைசி வீட்டுக் காம்பராவில் இருந்த பொன்னையா. "ஏய் வீரய்யா, ஆடு கத்துதுடா! இந்தப் பக்கம் வாங்கடா!" என்று மண்வெட்டியோடு ஓடினார். பொழுது சாய்வதற்குள் அவளையும் ஆட்டையும் வெளியே எடுத்துவிட்டார்கள். அவளுக்கு இடுப்பெலும்பில் அடி. அதற்குப்பிறகு மேடு ஏறும்போது இடதுகாலை இழுத்துத்தான் நடந்தாள்.

தீபாவளி நெருங்கியது. வீரய்யா ஒருநாள் மெல்லப் பேச்செடுத்தான்.

"புள்ள, எல்லார்கிட்டயும் சொல்லி வேற ஆடு பாத்துக்கச் சொல்லவா? மாட்டேன்னு சொல்லமாட்டாங்க."

ராக்காயி அடுப்பில் விறகைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஒம்பது வீட்டுப் புள்ளைங்களும் வருசம் பூரா பாத்துக்கிட்டிருக்குங்க. அதுவுமில்லாம, வேற ஆடுன்னா மட்டும் அதுக்குத் தொண்டை இல்லியா? மண்ணுக்குள்ள கெடந்தா அதுவும் கத்தத்தானே செய்யும்?"

ஆட்டை அறுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் மசாலாவுக்குப் பக்குவம் கேட்டு வந்தார்கள். வறுத்தே கொடுத்தாள். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தன் வீட்டுப் பங்கை மட்டும் பொன்னையா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரொட்டியும் சம்பலுமாக உட்கார்ந்தாள். அன்றிலிருந்து மீனும் கிடையாது, கோழியும் கிடையாது.

மனசு விட்டது. நாக்கு விடவில்லை. லயத்தில் யார் வீட்டிலாவது கறி கொதித்தால் அவள் வாயில் எச்சில் ஊறும். மலை மேலே எந்த நேரமும் குளிர். மிளகும் சோம்பும் மணக்க ஒரு குழம்பு இல்லாமல் சோறு இறங்காமல் பழகிய உடம்பு. முள்ளங்கியையும் கோவா என்கிற முட்டைக்கோசையும் எத்தனை நாள் தின்பது?

பஜாரில் சாமான் கடை வைத்திருந்த லாபிர்தான் முதல் வழி காட்டினார். "என்ன தங்கச்சி, கருவாடும் வாங்கிறல்லியே?" என்று கேட்டவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. சாக்குக்குள் கையைவிட்டு ஒரு பிஞ்சுப் பலாக்காயை எடுத்து வைத்தார். "இது கினிகத்தேனையில இருந்து லொறியில வாறது. சிங்கள ஊடுகள்ல பொலொஸ் எண்டு ஆக்குவாங்க. ஒங்கட மசாலாவப் போட்டு ஒருக்கா ஆக்கிப் பாருங்க."

"நல்லாயிருக்குமா நானா?"

"ஆக்கிறது நீங்கதானே. அப்ப நல்லாத்தான் இரிக்கும்."

அவள் அதைத் துண்டுபோட்டு, மஞ்சள் உப்பில் வேகவைத்து, கறிக்கு வறுப்பதுபோலவே எல்லாம் வறுத்து அரைத்துப் போட்டு, தண்ணீர் வற்றும்வரை பிரட்டினாள். வீரய்யா வேலைவிட்டு வந்து, கால் கழுவாமலே அடுப்படியில் நின்றான். ஒரு வாய் தின்றான். இரண்டாவது வாயும் தின்றான்.

"கறி இல்லதான். ஆனா ஒன் கை இருக்கு" என்றான். ராக்காயிக்கு அழுகை வந்துவிட்டது.

இது லயத்தில் பரவ எத்தனை நேரமாகும்? காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போனபோதே சிரிப்பு தொடங்கிவிட்டது. "பொய்க்கறி" என்று பேர் வைத்தவர் பொன்னையா. அவர் கேலியில் கெட்ட எண்ணம் இல்லை. ராக்காயியும் கூடவே சிரித்தாள். "ஆமா மாமா, பொய்க்கறிதான். வேணும்னா வந்து மெய்யாலுமே சாப்பிடுங்க" என்றாள்.

ஆனால் கணக்கப்பிள்ளை மனைவி நாகலெட்சுமி சொன்னதுதான் அவளைச் சுட்டது. நாகலெட்சுமி பிறவியிலேயே சைவம். முட்டை மணத்தையே தாங்காதவர். நல்ல மனுசிதான், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவர். கோயிலில் வைத்துச் சொன்னார்:

"ராக்காயி, ஆசையை விட்டாத்தான் அதுக்குப் பேரு சைவம். நீ ஆட்ட விட்டுட்டு ஆசையக் கட்டிக்கிட்டு இருக்க. கறின்னு நெனச்சுக்கிட்டுப் பலாக்காயத் தின்னாலும், அது கறி தின்ன மாதிரிதான்."

"ஒரு உசுரு என்னால போகவேணாம்னுதானே விட்டேன்மா? நாக்கு கேக்குறதுக்கு நான் என்ன செய்ய?" என்றாள் ராக்காயி. சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சு உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. அந்த அம்மா சொல்வது சரியாக இருந்துவிட்டால்? ஆடு அவளைக் காப்பாற்றியதற்கு இவள் செய்வது வெறும் வேசமாகிப் போய்விட்டால்? அன்றோடு மசாலாப் பானையைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு மாதம் வெறும் பருப்பும் கீரையும்தான்.

அந்த இரண்டு மாதத்தின் முடிவில் வட்டவளையில் வீரய்யாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு மாமி என்கிற முறையில் ராக்காயி இல்லாமல் பந்தி இல்லை. கறி அண்டாவின் முன்னால் அவளை நிறுத்திவிட்டார்கள். சொந்தத்தில் மறுக்க முடியவில்லை. ஆவி முகத்தில் அடித்தது. உப்புப் பார்க்க யாரோ ஒரு துண்டை அவள் கையில் வைத்தார்கள். அவள் ஊதினாள். வாய்க்குக் கொண்டுபோனாள். உதட்டில் பட்டபிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது.

துண்டைக் கீழே வைத்துவிட்டு, வெளியே போய் நின்றாள். வீரய்யா பின்னாலேயே வந்தான்.

"பலாக்காய் தின்னுக்கிட்டிருந்தப்ப எனக்கு இப்பிடி வரலீங்க" என்றாள் அவனிடம். "வீட்ல வயிறும் மனசும் நெறைஞ்சிருந்துச்சு. கறியப் பாத்தாலும் எனக்கு ஒண்ணும் பண்ணல. நாக்க பட்டினி போட்டதும் அது திருடப் பாக்குது."

"அப்ப பட்டினி போடாத" என்றான் வீரய்யா. அவ்வளவுதான் சொன்னான்.

ஊருக்குத் திரும்பியதும் பானையை நிமிர்த்தினாள். அதற்குப்பிறகு யார் என்ன சொன்னாலும் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்ததில்லை.

பலாக்காய் எப்போதும் கிடைக்காது. மழை முடிந்ததும் பட்டமரத்தில் பூக்கும் காளான் சில வாரம் கைகொடுக்கும். மற்ற நாளுக்கு என்ன வழி என்று தேடிக்கொண்டிருந்தவளுக்கு வழி கூரையிலிருந்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்குப் பிசைந்த கோதுமை மாவை மூடிவைக்காமல் விறகுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தால் தகர ஓட்டை வழியே மழை ஒழுகி, மாவுச்சட்டி நிறையத் தண்ணீர். மாவைக் கொட்ட மனசு வருமா? கையால் பிசைந்து பிழிந்து பார்த்தாள். பால்போல வெள்ளைத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் கையில் மிஞ்சியது ரப்பர்போல இழுபடும் ஒரு கட்டி. இழுத்தால் நார் நாராக வந்தது. அதை ஒருகணம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உப்புத்தண்ணீரைக் கொதிக்கவைத்தாள்.

அன்றைக்கு வந்த பொய்க்கறியில் பல்லுக்கு வேலை இருந்தது. வெள்ளைத் தண்ணீரைத் தெளியவைத்து, அடியில் நின்ற மாவைக் கஞ்சி காய்ச்சினாள். ஒரு துளி வீணில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் மாவை எத்தனை நேரம் ஊறவிடுவது, எத்தனை தண்ணீர் மாற்றுவது, வெந்தபின் பிய்ப்பதா வெட்டுவதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு வருசத்தில் அதை ஒரு பக்குவத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். யாரும் சொல்லிக் கொடுக்கவுமில்லை.

அறுபத்தொன்றாம் வருசத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், விடிந்து பார்த்தால் கொட்டகையில் அந்த வருசத்து ஆட்டைக் காணோம், அறுந்த கயிறு மட்டும் கிடந்தது. ஈர மண்ணில் சிறுத்தையின் கால்தடம். ஆண்கள் பஜாருக்கு ஓடினார்கள். இருந்த கறியெல்லாம் முன்பே சொல்லிவைத்தவர்களுக்குப் போய்விட்டது. வெறுங்கையோடு திரும்பி, லயத்து வாசலில் துக்கவீட்டுக்காரர்கள்போல உட்கார்ந்துவிட்டார்கள்.

ராக்காயி அவர்கள் முன்னால் வந்து நின்றாள்.

"வீட்டுக்கு ரெண்டு சுண்டு மாவு குடுங்க. பொம்பளைங்க எல்லாரும் பீலிக்கு வாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. ஒன்பது வீட்டுப் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து மாவு அலசினார்கள். தீபாவளிக் காலையில் இரண்டு பெரிய சட்டியில் அவள் பிரட்டிய மணம் கீழ்ப்பக்கத்துப் பணியக்கணக்கு லயம் வரைக்கும் இறங்கி, "உங்களுக்கு ஏது ஆடு?" என்று கேட்டு ஆள் வந்துவிட்டது. தோசையோடு ஊற்றித் தின்றார்கள். இரண்டு சட்டியும் வழித்தாயிற்று. பொன்னையா மட்டும் விரலை நக்கியபடி, "எல்லாம் சரி தாயி. கடிக்க ஒரு எலும்புதான் இல்ல" என்றார்.

"அது அடுத்த வருசம் ஒங்க ஆட்டுல இருக்கும் மாமா" என்றாள் அவள்.

அப்படித்தான் ஆயிற்று. அடுத்த வருசம் ஆடு வாங்கினார்கள். யாரும் கறியை விடவில்லை, விடச்சொல்லி அவளும் கேட்கவில்லை. ஆனால் ஒன்பது வீட்டிலும் பொய்க்கறிக்கென்று ஒரு சட்டி தனியாக ஏறியது.

அந்த வருசம்தான், தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நாகலெட்சுமி தானாகவே ராக்காயியின் காம்பராவுக்கு வந்தார். குனிந்து உள்ளே நுழைந்து, பலகையில் உட்கார்ந்தார்.

"ஊரே பேசுதே, அப்பிடி என்னதான் அதுல இருக்குன்னு பாக்க வந்தேன். சுத்தமான மாவுதானே?"

"மாவும் தண்ணியும்தான்மா. சத்தியமா."

ராக்காயி கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தாள். நாகலெட்சுமி ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். முகம் கோணியது. மரியாதைக்காக விழுங்கிவிட்டு, தண்ணீர் கேட்டார்.

"கோவிச்சுக்காத. மசாலா அருமை. ஆனா இந்த சவக்கு சவக்குன்னு இருக்குறது... எனக்கு ஒப்பல. இதுக்காகவா உலகம் இப்பிடி அலையுது?"

ராக்காயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்க கறி தின்னு பாத்ததே இல்லீங்களே. இல்லாததத் தேட மனசு எப்பிடி வரும்? நான் முப்பத்திநாலு வருசம் தின்னவ. எனக்கு அது ஞாபகம் இருக்கு."

நாகலெட்சுமி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். "அப்ப நான் விட்டது ஒண்ணுமே இல்ல" என்றார் மெதுவாக. "பொறந்ததுல இருந்து இல்லாதத நான் விட்டதாச் சொல்லிக்க முடியாது. கையில இருந்ததக் கீழ வச்சவ நீதான். அன்னைக்குக் கோயில்ல நான் அப்பிடிப் பேசியிருக்கக்கூடாது."

"அதெல்லாம் எப்பவோ போச்சும்மா. இருங்க, கீரை மசிச்சு வச்சிருக்கேன், அதுல ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

நாகலெட்சுமி கீரையும் சோறும் சாப்பிட்டார். எதிரே உட்கார்ந்து ராக்காயி அந்தக் கிண்ணத்தில் மிச்சமிருந்ததையெல்லாம் ரொட்டியால் வழித்துத் தின்றாள்.