பத்து நொடி நீலத் திரை

பணிப்பதிவேட்டின்படி அவர் தட்டச்சர், இரண்டாம் நிலை. 'கடிதங்களைப் பிழையின்றித் தட்டச்சு செய்து உரிய நேரத்தில் ஒப்படைக்க வேண்டியவர்.' அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரம் ஒழிந்து பதினோரு வருடமாகிறது. கணினி மக்கர் பண்ணினால் மட்டும் எல்லோருக்கும் அவர் நினைவு வரும். ஒரே இடத்தில் நின்று கண் சிமிட்டுவதால் பட்டப்பெயர் கர்சர். அவரை வாயாடி என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் வெளியூரில் இருக்கும் தங்கை.

தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. சிறு வயதில் இருவருமாகக் கட்டிக்கொண்ட கைமொழி உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஞாயிறு பத்து மணிக்கு வீடியோவில் ஊர்வம்பெல்லாம் அதில்தான் அளப்பார்கள். மற்ற ஆறு நாளும் வீட்டில் அவர் கையை ஆட்ட ஒரு காரணமும் இல்லை.

வீட்டுக் கணினியில் ஓடுவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். திரைக்குப் படம் அனுப்பும் பழைய கிராபிக்ஸ் கார்டு புகைந்துபோக, வேறொன்று வாங்கிச் சொருகினார். அதை இயக்க வேண்டிய டிரைவர் மென்பொருள் ஏற மறுத்தது. படம் விட்டுவிட்டு வந்தது. தங்கையின் கை முகத்தருகே இருக்கும், அடுத்த கணம் மடியில் இருக்கும். நடுவில் என்ன சொன்னாள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். மூன்றாவது ஞாயிறு அவள் போனில் எழுதினாள்:

"கண்ணு வலிக்குதுண்ணா. அடுத்த வாரமும் இப்படின்னா வீடியோ வேணாம், மெசேஜே போதும்."

மெசேஜில் அவள் எல்லோரையும்போல 'நல்லா இருக்கேன், நீ?' என்பாள். அதோடு சரி. தட்டச்சர் எழுத்துக்கு அஞ்சினார்.

அந்த வாரம் நான்கு முறை டிரைவரை நிறுவினார். ஒவ்வொரு முறையும் கணினி புதிதாக ஒரு கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டது. மறுதொடக்கம் ஆனதும் எதுவுமே நடக்காததுபோல் விழித்தது. வெள்ளிக்கிழமை, லினக்ஸில் அடிபட்டுத் தேறியவரான அலுவலக ஸ்டோர்கீப்பரிடம் சொன்னார்.

"ரீஸ்டார்ட் ஆகும்போது நீலக் கலர்ல ஒரு ஸ்கிரீன் வந்துச்சா கர்சர்?"

"இல்லையே."

"பத்து செகண்ட்தான் நிக்கும். அந்தப் பாஸ்வேர்டை அங்க திரும்பப் போட்டாதான் டிரைவரை உள்ள விடும். நீங்க எங்க போனீங்க?"

"டீ போட."

"சரியாப் போச்சு! ஆபீஸ் புத்தி வீடு வரைக்கும் வந்துடுச்சா?"

அலுவலகக் கணினிகள் மறுதொடக்கத்துக்குக் கால் மணி நேரம் எடுக்கும். பொத்தானை அமுக்கியதும் எழுந்து போவதே அங்கு மரியாதை. உட்கார்ந்திருப்பவருக்கு வேலையில்லை என்று பொருள். பார்க்க எவரும் இல்லாத வீட்டிலும் அவர் எழுந்து போயிருந்தார்.

ஞாயிறு காலை ஐந்தாம் முறையாக டிரைவரை நிறுவினார். மறுதொடக்கம் கொடுத்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நீலத் திரை வந்ததும் கடவுச்சொல்லை அடித்தார். பத்து மணிக்குத் தங்கையை அழைத்து, முக்கால் மணி நேரம் கையால் பேசினார்.