தண்டப் போலீசும் சோமாலிப் பட்டாளமும்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். அச்சகத்தைத் திறக்க வந்தபோது முதலில் கண்ணில் பட்டது, பூட்டிய கதவில் சாய்த்து வைத்திருந்த ஒரு கறுப்புக் குடை. அருகில் நின்றவர் மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி.

அது 1910, தை மாதம். அவருடைய தங்கை மக்கள் இருவர் சோமாலி நாட்டின் உள்ளே, ஆங்கிலேயப் பட்டாள முகாமை ஒட்டிக் கடை வைத்திருந்தார்கள். பல வருஷம் சண்டையிட்டும் முடிவு காணாத பட்டாளம் கடற்கரைக்குத் திரும்பப்போகிறது என்று மதராஸ் பத்திரிகையில் தந்தி வந்திருந்தது. அத்தகைய தந்திகளைத் தமிழாக்கி என் வாரப் பத்திரிகையில் உலக விவகாரம் எழுதுபவன் நான். நானோ கடலைப் பார்த்ததே பக்கத்துப் புன்னைக்காயல் கரையில்தான்.

"பட்டாளம் போனா பயலுவ அங்கன இருக்கலாமா, கூடவே கெளம்பிரணுமா? நீரு சொல்லும் வே."

"தாராளமா இருக்கலாம் முதலாளி. நம்ம ஊருல தண்டப் போலீஸ் போன மறுநாளே சந்திப்பிள்ளையார் முக்குல எல்லாரும் கடை தொறந்துட்டாவல்லா?"

இரண்டு வருஷம் முன் நடந்த கலகத்துக்குத் தண்டனையாகச் சர்க்கார் எங்கள் ஊரில் நிறுத்திய போலீஸ் அது. அவரும் பார்த்தவர்தான். "அதுவுஞ் சரிதான்" என்றவர், அங்கேயே இருக்கும்படி பயல்களுக்கு அன்றே கடிதம் போட்டார்.

அவ்வளவு நல்ல உவமையை ஒரே ஆளோடு விடுவதா? தலையங்கமாக நீட்டினேன். அக்கம்பக்கத்து நாடுகளை ஆளும் இத்தாலியரும் அபிசீனியரும் இனி என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பத்தியில் யோசனையும் சொன்னேன். இடம் போதவில்லை. தந்தியின் கடைசி மூன்று வரிகளை வெட்டிவிட்டு, கூந்தல் தைல விளம்பரத்தைக் காப்பாற்றினேன்.

திரும்பும் பட்டாளம் தனக்கு வேண்டிய சோமாலிக் கூட்டத்தாருக்குத் துப்பாக்கிகள் கொடுத்துவிட்டுப் போகிறது என்பதுதான் அந்த மூன்று வரி. எங்கள் ஊர்ப் போலீஸ் தன் துப்பாக்கிகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனது. இந்த வித்தியாசத்தைக் கையில் கத்தரிக்கோலோடு வாசித்தவன் நான்.

சித்திரையில் அந்தக் கூட்டத்தார் கிடைத்த துப்பாக்கிகளால் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டார்கள். அதே ஆறு நாற்பதுக்கு அதே குடை கதவில் சாய்ந்திருந்தது. நான் வெட்டியதை அச்சுக்கோக்கிறவர் அவரிடம் சொல்லியிருந்தார். வியாபாரி மதராஸ் பத்திரிகையை நீட்டினார்.

"இந்தத் தடவ கடைசி வரி வரைக்கும் வாசியும் வே."

வாசித்தேன். கடைசி வரியில் கடை இருந்த ஊரின் பெயர் இருந்தது.

ஐப்பசியில் தூத்துக்குடியில் வந்து இறங்கியது இருவரில் மூத்தவன் மட்டும்.