பேச்சு வரும் வேகம்

தெருவே அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடும். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன், குடி கிடையாது, கோபம் கிடையாது, பேச்சும் கிடையாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவர் மாதிரி, "சரி", "சாப்பாடு ஆச்சா" என்பதோடு இத்தனை வருஷக் குடித்தனத்தை ஓட்டிவிட்டார். இவளும் தையல் மிஷினோடு பேசிப் பழகிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்?

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்ததே மறுபிறவி. தினமும் வேகமாக நடக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எவ்வளவு வேகம் என்று இவள் கேட்டாள்.

"பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. நீங்களும் கூடப் போய், அவரைப் பேச வச்சுப் பாருங்க."

தையலக்காவுக்குக் கசக்குமா!

மருந்தென்றால் மறுக்காத மனுஷன், நடந்துகொண்டே பேசினார். முதலில் கேபிள், மோட்டார் என்று உப்புச்சப்பில்லாமல் போயிற்று. போகப் போக, சின்ன வயதில் வேலை தேடி அலைந்தது, இவளைப் பெண் பார்க்க வந்த அன்று செருப்பு அறுந்தது எல்லாம் வந்தன. மூச்சு முட்டினால் நடையைக் குறைப்பார், பேச்சை விடமாட்டார். அந்தச் சாயங்கால நடைக்காக இவள் காலையிலிருந்தே ஏங்கிக் கிடந்தாள். ஒரு நாள் ஒரு லிஃப்ட் கதை. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே யாரோ அழுகிறார்கள், இவர் கதவை நெம்பி எட்டிப் பார்த்தால்... வீடு வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வெளியூரிலிருக்கும் மகன் அனுப்பிய கைக்கடிகாரம் வந்தது. நாடித்துடிப்பைக் காட்டுமாம். எண் ஏறினால் மெதுவாகவும் இறங்கினால் வேகமாகவும் நடந்தால் போதுமாம். அன்றோடு பேச்சு நின்றது. கதை என்னாச்சு என்று கேட்டால் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். பிள்ளையின் பாசத்தை நினைத்துப் பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தின் சார்ஜரைத் துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்தாள். கடிகாரம் அணைந்துபோனது. இன்றைக்குப் பேசித்தானே ஆக வேண்டும் என்று, தலையைப் படிய வாரிக்கொண்டு அவரோடு கிளம்பினாள்.

பாதி வழியில் அவர் நின்றார். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, வாய்க்குள்ளேயே எண்ண ஆரம்பித்தார். இவள் வாயெடுத்ததும் தலையசைத்து அடக்கினார்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"சார்ஜரை நான்தான் ஒளிச்சு வச்சேன். உங்க பேச்சைக் கேக்காம என்னால இருக்க முடியல. அந்த லிஃப்ட்டுக்குள்ள யாரு இருந்தாங்க? அதையாவது சொல்லுங்க."

அவர் எண்ணுவதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். கோபமில்லை. நிஜமாகவே யோசித்தார்.

"எந்த லிஃப்ட்டு?"

மூச்சு வருகிறதா என்று பார்ப்பதற்காகப் பேசிய பேச்சு. அவருக்கு எதுவும் மனதில் தங்கவில்லை. இவளுக்கோ ஒரு வார்த்தை விடாமல் தங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருடைய கதையை அவருக்கே முதலிலிருந்து சொன்னாள். நின்றுபோன லிஃப்ட்டைச் சொன்னாள், அழுகையைச் சொன்னாள், அவர் கதவை நெம்பியதைச் சொன்னாள். அவர் நடக்கக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். கதவு திறந்த இடத்தில் அவள் நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்று கேட்டார் அவர்.