மம்மியின் சுண்டுவிரல்

அக்காவைப் பற்றிப் பெருமையடிக்கிறேன் என்று யாராவது சொன்னால், ஆமாம், அடிக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் அவள். அவள் போட்ட கட்டு தானாக அவிழ்ந்ததாகச் சரித்திரம் கிடையாது.

அந்தக் கைராசிதான் அவளைச் சினிமாவுக்குக் கொண்டுபோனது. ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், தையல் போட்ட பிணம், துணி சுற்றிப் பதப்படுத்திய மூவாயிரம் வருடத்து எகிப்துப் பிணமான மம்மி, நான்கும் ஒரே பங்களாவில் மாட்டிக்கொண்டு அடித்துக்கொள்கிற படம். பயமுறுத்தவும் வேண்டும், வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கவும் வேண்டும். மம்மியாக நடித்த ஸ்டண்ட்காரர் நாலடி ஓடினாலே, உடம்பில் சுற்றிய துணி இடுப்பிலிருந்து நழுவியது. படக்குழுத் தையல்காரர் பசை தடவிப் பார்த்தார், ஊசி குத்திப் பார்த்தார். ஊசி குத்தியபோது மம்மி போட்ட அலறல்தான் அதுவரை அங்கே கேட்ட ஒரே நிஜ அலறல். கடைசியில், தன் கை சுளுக்கியபோது கட்டுப் போட்ட அக்காவை டைரக்டர் ஞாபகமாகக் கூப்பிட்டனுப்பினார்.

அக்கா லீவு போட்டுவிட்டுப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். பாதத்தில் தொடங்கி இரண்டு மணி நேரம் சுற்றினாள். மம்மி குதித்தது, உருண்டது. ஒரு சுற்றுகூட நகரவில்லை. ஆனால் பழக்கதோஷம், விரல் நுனிகளை மூடாமல் விட்டிருந்தாள். கட்டு இறுகினால் முதலில் நிறம் மாறுவது நகம்தானே.

டைரக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்ன சிஸ்டர் இது? செத்து மூவாயிரம் வருஷமாச்சு. அவனுக்கு எதுக்கு ரத்த ஓட்டம் பாக்கணும்?"

"செத்தது உங்க கதையில சார். இங்க நிக்கிறவருக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நகம் தெரியலன்னா நான் கட்ட மாட்டேன்."

"அப்போ நீங்க கிளம்பலாம்."

தையல்காரர் விரல்களையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாக்கா, இவங்களுக்கு நீ கட்டிவிடறது ஒரு கேடா?" என்றேன். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்த அக்கா அதற்குமேல் நகரவில்லை. அவள் கண் அந்தக் கைகள் மேலேயே இருந்தது.

காட்சி தொடங்கியது. காட்டேரி ஒரு கையை இழுக்க, ஓநாய் மறு கையை இழுக்க, துணி முறுக்கேறி இறுகியது. இருவரும் விட்டதும் மம்மி தரையில் விழுந்தது. வாயும் கட்டியிருந்ததால் உள்ளே இருந்தவரால் கத்த முடியவில்லை. முழங்கையால் தரையைத் தட்டினார்.

"பிரமாதம்! இன்னும் தட்டு!" என்று குதித்தார் டைரக்டர்.

அக்காவுக்கு அது நடிப்பில்லை என்று புரிந்துவிட்டது. பையை வீசிவிட்டு, கத்தரிக்கோலுடன் கேமராவுக்கு முன்னால் ஓடினாள். "தள்ளுடா!" என்று ஓநாய் முதுகில் ஒரு போடு போட்டாள், அது பயந்துபோய்க் காட்டேரி மேல் சாய்ந்தது. முதலில் வாய்க்கட்டை வெட்டினாள், பிறகு கைகளை. விரல்கள் கருநீலமாகியிருந்தன. ஒவ்வொன்றாக நீவி, நகத்தை அழுத்தி, சிவப்பு திரும்பும்வரை விடவில்லை.

"உணர்ச்சி வருது சிஸ்டர்," என்று அந்த மனிதர் குழந்தை மாதிரி அழுதார்.

டைரக்டர் தலைகுனிந்து நின்றார். "இனிமே நீங்க சொல்றதுதான்."

மற்ற விரல்களுக்கு மண் நிறம் பூசிக்கொள்ளலாம், இடது சுண்டுவிரலைத் தொடக்கூடாது என்றாள். படப்பிடிப்பு முடியும்வரை, ஒவ்வொரு காட்சிக்கு முன்னும் பின்னும் அந்த நகத்தை அழுத்திப் பார்த்தாள்.

படம் வெளியானது. பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. தியேட்டரில் மம்மி கையை நீட்டியபோது பின்வரிசையில் ஒருவர் சிரித்தார்.

"பாத்தியா, ஒரு விரலுக்குப் பெயின்ட் அடிக்க மறந்துட்டாங்க. பெரிய தப்பு!"

நான் எழுந்து திரும்பினேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அது தப்பு இல்லீங்க," என்றேன். "அது எங்க அக்கா."