ஹெல்வியின் குரல் போன கோடை

தாலின் நகரத்துத் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் வந்து நின்ற கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பழைய நகரத்துக்குள் ஹெல்வியின் குரல் கேட்க ஆரம்பித்துவிடும். எண் எழுதிய அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பின்னால் ஒரு கூட்டத்தை இழுத்துக்கொண்டு நகரமன்றச் சதுக்கத்துக்குள் அவள் நுழைந்தால், வறுத்த பாதாம் விற்கிற பெண் தன் கூவலை நிறுத்திக்கொள்வாள். மற்ற வழிகாட்டிகள் எல்லாரும் சட்டையில் குத்துகிற மைக்குக்கு மாறிய பிறகும் ஹெல்வி மாறவில்லை. நூற்பாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அது. ஆலையை மூடியபோது, உடன் வேலை பார்த்த பெண்கள் அழுதுகொண்டிருக்க, இவள் மாலை வகுப்பில் சேர்ந்து ஆங்கிலம் படித்து, வழிகாட்டித் தேர்வு எழுதி, அடுத்த கோடையிலேயே கப்பலில் வந்தவர்களை நடத்திக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டாள்.

கணவன் கல்யூ துறைமுகப் பேருந்து ஓட்டுகிறவன். எங்கள் ஊர் ஆண்கள் பொதுவாகவே அதிகம் பேசமாட்டார்கள். கல்யூ அவர்களிலும் சிக்கனம். வீட்டில் இரண்டு பேருக்குமான பேச்சை ஹெல்வியே பேசிவிடுவாள்.

பழைய நகரத்துக்குள் படியேறிப் போனால் வரும் மேட்டு நகரத்தில் ஒரு சாம்பல் நிற வீடு. அதன் மாடியில் செங்கல் வைத்து அடைத்த சன்னல் ஒன்று. ஹெல்வி அதற்கு ஒரு கதை கட்டியிருந்தாள். உப்பு வியாபாரி ஒருவனின் மனைவி நாள் முழுக்கச் சன்னலில் உட்கார்ந்து கப்பல் பார்த்தாளாம். அடுப்பில் கஞ்சி தீய்ந்துபோகிறது என்று அவன் சன்னலை அடைத்துவிட்டானாம். அவளோ மோப்பத்தாலேயே, இது மீன் கப்பல், இது தார் கப்பல் என்று சொல்லத் தொடங்கிவிட்டாளாம். கேட்டவர்கள் யாரும் சிரிக்காமல் போனதில்லை.

மர்யுவுக்கு அது பொறுக்கவில்லை. அவளும் அதே ஆலையில் வேலை பார்த்தவள்தான், அவளும் வழிகாட்டிதான். ஆனால் ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்கமாட்டாள். ஒருநாள் ஹெல்வியின் கூட்டத்தின் முன்னாலேயே, அந்தச் சன்னலை அடைத்ததற்குக் காரணம் சுவரில் விழுந்த விரிசல், மற்றதெல்லாம் இந்த அம்மாளின் கற்பனை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கூட்டம் ஹெல்வியைப் பார்த்துச் சிரித்தது. அன்றோடு இருவருக்கும் பேச்சு அறுந்தது. குறுகின சந்தில் எதிரெதிரே வந்தால் இரண்டு அட்டைகளும் ஒன்றையொன்று பார்க்காமல் விலகிப் போகும். இப்படியே பல கோடைகள் போயின.

ஒரு வருஷம் வசந்தத்திலேயே ஹெல்வியின் குரல் கரகரத்தது. தொண்டைக்குள் முடிச்சு இருக்கிறது, வாயை மூடிக்கொண்டிரு, இல்லாவிட்டால் அறுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் வெறும் சளி என்று சொன்னாள். தேன் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு நடந்தாள்.

ஜூலையில் துறைமுகத்தில் மூன்று கப்பல்கள் சேர்ந்து நின்ற ஒரு நாள். கடலிலிருந்து காற்று அறைந்தது. ஹெல்வி கூட்டத்தைப் படியேற்றி, அந்தச் சன்னலுக்குக் கீழே நிறுத்தி, வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. அதுவும் ஒரு வேடிக்கை என்று நினைத்து எல்லாரும் புன்னகையோடு காத்திருந்தார்கள். மறுபடி முயன்றாள். பின்னால் நின்ற கிழவர் ஒருவர், கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினார்.

அப்போது மர்யு தன் கூட்டத்தோடு அந்த வழியாக வந்தாள். எப்போதும்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போனவள், நின்று, திரும்பி வந்தாள்.

"முழுசாப் போச்சா?"

ஹெல்வி தலையாட்டினாள்.

"சரி. அட்டையத் தூக்கிப் பிடி. வாயத் திறக்காத. ரெண்டு கூட்டத்துக்கும் நானே பேசறேன்."

ஆனால் ஹெல்வியின் கூட்டத்திலிருந்த ஒரு பெண் விடவில்லை. சன்னல் கதை ஒன்று சொல்வதாக இவர் கீழேயே வாக்குக் கொடுத்திருக்கிறார், அது வேண்டும் என்றாள். மர்யு சன்னலைப் பார்த்தாள். ஹெல்வியைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த வீட்டில் உப்பு வியாபாரி ஒருவர் வசித்ததாகச் சொல்லப்படுகிறது என்று ஆரம்பித்தாள். அந்தக் கதை அவள் வாயில் தண்ணீர்க் குழாய் பழுதானதைப் பற்றிய அறிவிப்பு மாதிரி இருந்தது. ஹெல்விக்குத் தாங்கவில்லை. மர்யுவின் கையை இழுத்துத் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். "ஆமா, மோப்பம்," என்றாள் மர்யு. ஹெல்வி கழுத்தை நீட்டிக் காற்றை முகர்ந்து, மீன் கப்பலுக்கு ஒரு முகம், தார் கப்பலுக்கு ஒரு முகம் காட்டினாள். இரண்டு கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடைசியில், உண்மையில் சுவரில் விரிசல்தான் என்று மர்யு சொல்லாமல் இருக்கவில்லை. ஹெல்வி தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள்.

எல்லாரையும் பேருந்தில் ஏற்றிவிட்டபின் இருவரும் கோட்டைச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். மர்யு தன் கறுப்பு ரொட்டியைப் பிட்டு, மேலே ஒரு உப்பு மீனை வைத்து நீட்டினாள். டாக்டரிடம் போனாயா, போன மாதமா, வசந்தத்திலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தலையாட்டலிலிருந்தே முழுக் கதையையும் கறந்துவிட்டாள்.

"வசந்தத்துலயே சொல்லிட்டாரா? அப்பறமும் கத்திக்கிட்டுத் திரிஞ்சியா? மடச்சி." இன்னொரு துண்டு ரொட்டியைப் பிட்டாள். "அன்னிக்கு நான் சொன்னது உண்மைதான். ஆனா அத்தனை பேர் முன்னால சொல்லியிருக்கக் கூடாது. நீ இப்பப் பதில் பேச முடியாது, அதான் தைரியமாச் சொல்றேன்."

ஹெல்வி அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

இலையுதிர்காலத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு வாரக்கணக்கில் பேசக்கூடாது. சமையலறையின் அமைதி முதலில் கல்யூவைத்தான் வாட்டியது. சூப்பைக் கலக்கிக்கொண்டே, இன்றைக்குப் பேருந்தில் ஒருத்தன் பூனையோடு ஏறினான் என்று ஆரம்பித்தான். மறுநாள் இன்னொன்று. அவனிடம் அவ்வளவு கதை இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவே தெரியாது. குரல் திரும்பியதும் முதலில் அதைத்தான் கேட்டாள்.

"இவ்வளவு நாளா இதையெல்லாம் எங்க வச்சிருந்த?"

"நீ எடம் விட்டாத்தானே," என்றான் கல்யூ.

திரும்பி வந்தது பாதிக் குரல்தான். மைக் போட்டாலும் நாள் முழுக்கத் தாங்காது. வழிகாட்டிகளின் கூட்டத்தில் மர்யு எழுந்து, ஒவ்வொரு கப்பலிலும் படியேற முடியாதவர்கள் பேருந்திலேயே உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களை ஹெல்வி கூட்டிப் போகட்டும் என்றாள். இப்போது கிழடுகளுக்கு மேய்ப்பரா என்று ஒருவன் கேலி செய்தான். ஹெல்விக்குச் சுருக்கென்றது. போகமாட்டேன் என்று வீட்டில் இரண்டு நாள் முரண்டு பிடித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷம் மே மாதத்து முதல் கப்பலில் அப்படி நான்கு பேர் இருந்தார்கள். சமதரையிலேயே, ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்கு நடந்தார்கள். அவள் குரல் கேட்க வேண்டுமென்று ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். கால் வீங்கிய ஒரு பெண், இதுவரை வந்த எல்லா ஊரையும் பேருந்துக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன் என்றாள். லைலாக் செடிகள் பூத்திருந்த ஒரு முற்றத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தாள்.

"இருங்க, அவசரமே இல்ல," என்றாள் ஹெல்வி.

மேட்டு நகரம் போனவர்கள் அதற்குள் திரும்பி வந்து, கல்யூவின் பேருந்தை நிறைத்துவிட்டிருந்தார்கள். ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. கல்யூ கையைக் கட்டிக்கொண்டு, இன்னும் வர வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, முன் கதவைத் திறந்தே வைத்திருந்தான்.