இன்பராஜ் மாஸ்டர் எழுதிய பிறந்த தேதி

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்து ஓட்டத்தில் பேர் வாங்கிய பத்துப் பேரையும், அவர்களைப் பழக்கிய மூன்று பேரையும் வரும் ஜனவரியில் மேடையேற்றிப் பாராட்டப் போகிறார்கள். அதற்காக ஒரு மலரும் தயாராகிறது. ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு போட்டோ, கீழே பிறந்த தேதி. பழைய மாணவர் சங்கச் செயலாளர் மனோகர் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

“பிரேமு, நீ டிகிரி படிச்சவன். எல்லாரப் பத்தியும் நீயே எழுதிக் குடுத்துடு. உன்னப் பத்தி நீயே எழுதினா நல்லா இருக்காது, அந்த ஒரு பக்கம் நான் பாத்துக்கிறேன்.”

பத்துப் பேரில் நானும் ஒருவன். 2014, மாநிலப் போட்டி, பதினேழு வயதுக்குட்பட்டோர், 1500 மீட்டர், மூன்றாம் இடம்.

பயிற்சியாளர்களின் பெயர்களை வாசித்தார். மூன்றாவது பெயருக்குப் பிறகும் நான் காத்திருந்தேன்.

“இன்பராஜ் மாஸ்டர் பேரு?”

“இன்னா பேசுற நீ? உன் வயச மாத்தி எழுதின ஆளு அது. அந்தாளால உன் மெடலே போயிருக்கும். நீ பாவம், சின்னப் பையன். அந்தக் கதைய இப்ப எதுக்குக் கிளற்ற?”

“சரிண்ணா” என்றேன்.

பதினோரு வருடங்களாக இந்த விஷயத்தில் நான் செய்துவந்தது அது ஒன்றுதான். எனக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

இன்பராஜ் பிறந்தது தங்கச் சுரங்கம் இருந்த சாம்பியன் ரீப்ஸில், சுரங்க ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய ஒரு லைன் வீட்டில். அப்பா ராஜப்பாவுக்குச் சுரங்கத்தில் கேஜுக்கு மணி அடிக்கும் வேலை. ஆட்களைப் பூமிக்குள் இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ். ஆட்கள் ஏறி நின்றதைக் கண்ணால் பார்த்தாலும் ராஜப்பா மணி அடிக்க மாட்டாராம். உள்ளே இருப்பவன் “ஆச்சு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மணி, அதற்குப் பிறகுதான் கேஜ் நகரும். ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் உள்ளே இருப்பவனுக்குத்தானே தெரியும் என்பாராம்.

இன்பராஜும் ஓடினார். நன்றாக ஓடினால் சுரங்கத்திலேயே வேலை கிடைக்கும் என்று நம்பி ஓடினார். அவருக்கு இருபத்தொரு வயதானபோது சுரங்கத்தை மூடிவிட்டார்கள். கூட ஓடியவர்கள் பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள். இவர் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கேஸ் ஏஜென்சியில் சேர்ந்து வீடு வீடாகச் சிலிண்டர் போட்டார். அந்த வேலை காலை ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும், அதுவரை பொழுது தன்னுடையது என்பதுதான் காரணம். பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் இல்லாத நேரம். தலைமையாசிரியரிடம் போய்த் தானாகக் கேட்டார். மைதானத்துக் கேட்டின் சாவியை அவர் கையில் கொடுத்தார்கள். அதைத் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஐந்தரைக்குக் கேட் திறந்திருக்கும். ஏஜென்சியின் காக்கிச் சட்டையிலேயே வருவார். எங்களுக்குள் அவர் பெயர் சிலிண்டர். “டேய், சிலிண்டர் வருது” என்றால் எல்லோரும் ஷூ கயிறு கட்டுவது போல் குனிந்துகொள்வோம். தங்கம் எடுத்த பிறகு கொட்டி வைத்த மண் மலை போல் நிற்குமே, அந்தச் சயனைடு மேட்டில்தான் எங்களை ஏற்றுவார். இரண்டு அடி ஏறினால் ஓரடி சறுக்கும். கீழே நின்று கத்துவார்.

“இன்னாடா, மாமியார் ஊட்டுக்கு விருந்துக்குப் போறியா? கைய ஆட்டுடா சோமாரி!”

கெட்ட வார்த்தையும் வரும். பெண்கள் பக்கம் திரும்பினால் மட்டும் அதையே சுருக்கிக்கொள்வார். எட்டாம் வகுப்பு நிலா அந்த மேட்டை எங்களுக்கு முன்னால் ஏறி முடிப்பாள். “பாருங்கடா, மீசை மொளைக்குதுன்னு கண்ணாடி பாத்துக்கினு இருங்க” என்பார்.

போட்டிகளுக்கான விண்ணப்பங்களை அவரேதான் எழுதுவார். பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தாக. எழுதும் முன்பு ஒவ்வொருவனையும் எதிரில் நிறுத்துவார். பள்ளிப் பதிவேட்டின் நகல் பக்கத்திலேயே இருக்கும். ஆனாலும் அதைப் பார்த்து எழுத மாட்டார்.

“வாயால சொல்லு. பேரு, அப்பா பேரு, பொறந்த தேதி. நீ சொன்னாத்தான் எழுதுவேன்.”

எங்கள் ஊரில் இப்படிக் கேட்பதில் அர்த்தம் உண்டு. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஜூன் ஒன்று என்று வாத்தியார் போட்டுவிடுவார். எங்கள் வகுப்பில் முப்பத்திரண்டு பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள். நானும் அதில் ஒருவன். பதிவேட்டில் என் தேதி 1.6.1999.

உண்மையில் நான் பிறந்தது 1997 செப்டம்பர் பதினேழு, சுரங்க ஆஸ்பத்திரியில். சுரங்கம் மூடியதும் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு ஆம்பூருக்குத் தோல் வேலைக்குப் போனார். திரும்பி வந்து என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது எனக்கு எட்டு வயது நெருங்கிவிட்டது. பெரிய பையனை ஒன்றாம் வகுப்பில் எடுக்க மாட்டார்கள் என்று அப்பா வயதைக் குறைத்துச் சொன்னார். அதில் என் தப்பு ஒன்றுமில்லை. என் தப்பு பிறகு வருகிறது.

அம்மா சரோஜம்மாவுக்குப் பதிவேடு எல்லாம் தெரியாது. நான் பிறந்த தேதி போட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். வருடா வருடம் புரட்டாசி முதல் தேதி எனக்காகப் பாயசம் வைப்பார். 2014-இல் அந்த நாளில் எங்கள் வீட்டுக்குச் சிலிண்டர் கொண்டுவந்தவர் இன்பராஜ் மாஸ்டர். தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார். அம்மா ஒரு டம்ளர் பாயசத்தை நீட்டினார்.

“இன்னாம்மா விசேஷம்?”

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “புரட்டாசி பொறந்துச்சு மாஸ்டர், அதுக்குத்தான்.”

“அப்ப இன்னும் ஒரு டம்ளர் குடுங்க” என்று சிரித்தார். எனக்கு அன்று பதினேழு முடிந்திருந்தது.

அடுத்த மாதம் விண்ணப்பம் எழுதும் நாள். என் முறை வந்தது. ஜூன் ஒன்று என்றேன். அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார்.

“அது ஸ்கூல் தேதி. நெசத் தேதி இன்னா? வயசு தாண்டியிருந்தா இப்பவே சொல்லு, தப்பில்ல. அடுத்த வருசம் பெரிய பசங்களோட ஓடலாம்.”

அடுத்த வருடம் பள்ளியே முடிந்துவிடும். மெடல் இருந்தால் பெங்களூர் கல்லூரியில் விளையாட்டு இடம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பத்தைத் தாண்டியதில்லை.

“அதே தேதிதான் மாஸ்டர்.”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதினார்.

நவம்பரில் ஓடினேன், மூன்றாவதாக வந்தேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். ஒரு சிலிண்டரைவிட நான் லேசு என்றார்.

ஜனவரியில் போட்டி நடத்தியவர்களுக்குப் பெயரில்லாத ஒரு கடிதம் போயிருக்கிறது. விசாரிக்க மூன்று பேர் பள்ளிக்கு வந்தார்கள். தலைமையாசிரியர் அறையில் என்னை நிற்க வைத்தார்கள். மாஸ்டர் காக்கிச் சட்டையோடு சுவரோரம் நின்றார். பையன் 1997 செப்டம்பரில் சுரங்க ஆஸ்பத்திரியில் பிறந்தவன் என்று கடிதத்தை வாசித்தார்கள். ஆஸ்பத்திரி அட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

“விண்ணப்பத்தில் இந்தத் தேதியை யார் போட்டது?”

“மாஸ்டர்தான் எழுதினாரு சார்.”

கவனித்துப் பார்த்தால் அது பொய்யில்லை. அவர்தான் எழுதினார், அவர் கையெழுத்துதான். பல வருடங்கள் இந்தக் கணக்கில்தான் தூங்கியிருக்கிறேன். பொய் சொல்லாமலே ஒரு ஆளைக் கவிழ்க்க முடியும் என்று அந்த அறையில் கற்றுக்கொண்டேன். எந்த வகுப்பிலும் அவ்வளவு சீக்கிரம் எதையும் கற்றதில்லை.

அவரைக் கேட்டார்கள். “நான்தான் எழுதினேன்” என்றார். யார் சொல்லி எழுதினாய் என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தார். பதிவேட்டிலும் அதே தேதி இருந்ததால் என் மெடலைத் தொட முடியவில்லை. ஆனால் பள்ளிக்குப் பேர் கெடக் கூடாது அல்லவா. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மறுநாள் காலை கேட் பூட்டியிருந்தது. ஏழு மணி வரை வெளியே நின்றோம். நிலா அதன் பிறகு எங்கும் ஓடவில்லை.

எனக்கு விளையாட்டு இடம் கிடைத்தது. பட்டம் வாங்கினேன், பெங்களூரில் வேலை கிடைத்தது. காலைப் பொழுதுக்கு இனி வேலையில்லை என்று ஆனபின், மாஸ்டரும் மற்றவர்களைப் போல பெங்களூர் ரயில் ஏறினார். அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. மூன்று வருடங்களாக இருவரும் தினமும் சாம்பியன் ஸ்டேஷனில் ஒரே ரயில்தான் ஏறுகிறோம். அவர் எஞ்சினுக்கு அடுத்த மூன்றாவது பெட்டியில் ஏறுவார். நான் பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்து கடைசிப் பெட்டியில் ஏறுவேன். அவர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனோகர் அண்ணன் போன் செய்ததற்கு மறுநாள் மூன்றாவது பெட்டியில் ஏறினேன். மாஸ்டர் பக்கத்தில் அவருடைய நண்பர் ஃப்ரெடி உட்கார்ந்திருந்தார். முதலில் பேசியது அவர்தான்.

“என்னா மேன், வழி தவறி வந்துட்டியா? உன் பொட்டி கடைசில இல்ல?”

மாஸ்டர் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

“உக்காருடா. பங்காருபேட்டைல கூட்டம் ஏறும்.”

மலர், பத்துப் பேர், மூன்று பேர் எல்லாவற்றையும் சொன்னேன். இட்லி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். “மாஸ்டர், அந்தத் தேதி...” என்று இழுத்தேன்.

“செப்டம்பர்” என்றார். “ஹெச்.எம். ரூம்ல அந்த லெட்டர படிச்சாங்கள்ல, செப்டம்பர்னு. அப்பதான் உங்கம்மா குடுத்த பாயசம் ஞாபகம் வந்துச்சு. புரட்டாசி பொறந்துச்சாம்!”

“அப்பவே ஏன் சொல்லல மாஸ்டர்?”

“சொன்னா உன்னத் தூக்கிப் போட்டிருப்பாங்க. அதுக்காக என்னப் பெரிய மனுசன்னு நெனச்சுக்காத. எனக்குக் கோவம் இருந்துச்சு, இன்னிக்கும் கீது. வாயால சொல்லுன்னு உன்னக் கேட்டேனா இல்லையா?”

“கேட்டீங்க.”

“ரெண்டு தபா கேட்டேன்.”

ஃப்ரெடி குறுக்கே வந்தார். “உடு மேன், அப்ப அவன் சின்னப் பையன்.”

“பதினேழு வயசு, ரெண்டு மாசம்” என்றார் மாஸ்டர். “அதான் பிரச்சனையே.”

ஃப்ரெடி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாஸ்டர் டப்பாவை மூடினார்.

“நாலாவதா வந்த பையன் பேரு இன்னா?”

தெரியாது. பதினோரு வருடங்களில் அப்படி ஒருவன் இருந்தான் என்றே நான் யோசித்ததில்லை. மாஸ்டருக்குச் செய்த துரோகம் ஒன்றையே திருப்பித் திருப்பி நினைத்து, அதையும் என் சொந்தத் துக்கமாக்கி வைத்திருந்திருக்கிறேன்.

“விநாயக். ஹாசன் ஊருப் பையன். உனக்கும் அவனுக்கும் ரெண்டு அடி. கோட்டத் தாண்டிட்டு அப்படியே உக்காந்து அழுதான். உன்னத் தூக்கிச் சுத்திட்டு வந்து அவனுக்குத் தண்ணி குடுத்தேன். நம்ம பையன் ஜெயிச்ச திமிரு எனக்கு. ‘அடுத்த வாட்டி பாத்துக்கோ குரு’ன்னு சொல்லிட்டு வந்தேன். என்கிட்ட வந்து தலையத் தொங்கப் போட்டுக்கினு உக்காந்துக்கிறியே, அவன்கிட்ட யாருடா போறது?”

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன்.

“எழுது. சாமியாட்டம் எழுதாத. கெட்ட வார்த்த பேசுவேன், அதையும் எழுது.”

“மேடைக்கு வருவீங்களா மாஸ்டர்?”

“சால்வைய வச்சுக்கினு நான் இன்னா பண்றது? கேட் சாவியக் குடுக்கச் சொல்லு. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதான்.”

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அட்டையைக் கேட்டேன். அம்மா பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். “அன்னிக்கு மாஸ்டர் கேட்டப்ப நான் வாயத் தொறந்திருந்தா அந்த மனுசன் தப்பிச்சிருப்பாரு” என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அட்டையின் நகலோடு போட்டி நடத்தியவர்களுக்கு எழுதிவிட்டேன். என் மூன்றாம் இடத்தை எடுத்துவிட்டு விநாயக்குக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன். கல்லூரிக்கும் எழுதியிருக்கிறேன். பட்டத்தை என்ன செய்வார்கள் என்று தெரியாது. விநாயக்கின் முகவரி இன்னும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பக்கத்தை இதுவரை எழுதி மனோகர் அண்ணனிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

“இத்தப் போட்டா உன் பேரு போவும்டா. ஸ்கூல் பேரும் சேந்து போவும்.”

“என் பேர லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்கண்ணா. பக்கத்த மட்டும் போடுங்க.”

இன்னொரு முறை படித்தார். கடைசியில், “சாவி ஹெச்.எம். கிட்ட கீது. நான் போய்க் கேக்கிறேன். குடுப்பாங்கன்னு மட்டும் சொல்ல மாட்டேன்” என்றார். நீங்கள் இதைப் படிக்கும்போது கொடுத்திருக்கிறார்களா என்பதை மைதானத்துப் பக்கம் போகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

மலரில் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் பிறந்த தேதி வர வேண்டும். இது அவருடைய பக்கம் என்பதால் மறுநாள் ரயிலில் அவரிடம் கேட்டேன். “ஸ்கூல் தேதியா, நெசத் தேதியா?” என்றார். நெசத் தேதி என்றேன். வாயால் சொன்னார், எழுதிக்கொண்டேன்.

ரா. இன்பராஜ், பிறப்பு 9.2.1980. எழுதியவன் பிரேம், பிறப்பு 17.9.1997.