கெட்டிமேளத்தோடு வந்த கட்டி

முதலில் நான் கட்டியதை எல்லாம் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் யாரும் சொல்லப்போவதில்லை.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் தகரக் கொட்டகையாக இருந்த என் ஸ்டுடியோ இன்றைக்கு இரண்டு மாடி. ஜி.எஸ்.டி. ரோட்டில் கலர் லேப். ஊரப்பாக்கத்தில் ஒரு கிளை. அதை மச்சானிடம் விட்டதால் மூடவேண்டியதாயிற்று, இருந்தாலும் திறந்தவன் நான். சொந்த வீடு, நாலு பக்கமும் காம்பவுண்டு. மகள் இன்ஜினீயர். இத்தனையும் ஏழாம் வகுப்போடு நின்றவன் செய்தது. மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று வாத்தியார் சொன்னார். மாடும் மேய்த்தேன். அதையும் நன்றாகத்தான் மேய்த்தேன்.

மாமல்லபுரம் கடற்கரையில் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, எக்ஸ்கர்ஷன் வருகிற கூட்டத்தை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்து ஆரம்பித்தவன் நான். வெயிலுக்கு நேராகக் கண்ணைத் திறந்து நிற்கச் சொன்னால் யார் நிற்பார்கள்? நான் நிற்கவைத்தேன். அப்புறம் கல்யாண வீடியோ. எங்கள் பக்கத்தில் மிக்சிங் யூனிட் முதலில் வாங்கியது நான்தான். அந்த மிஷின் இருந்தால் ரோஜாப்பூ மேலிருந்து விழும், பெண்ணின் முகம் இதயத்துக்குள் சுழலும், மாப்பிள்ளை தாமரையிலிருந்து எழுந்து வருவார். தாலி கட்டுகிற நேரத்தை மூன்று தரம் காட்டுவேன், மூன்றாவது தரம் ஸ்லோமோஷனில். அடியில் ஒரு மஞ்சள் பட்டையில் என் ஸ்டுடியோ பெயரும் போன் நம்பரும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. வயிற்று ஆபரேஷன் ஆராய்ச்சியிலும் எனக்குப் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஊருக்கு வெளியே ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே வயிற்றில் கட்டி எடுப்பதில் கெட்டிக்காரர் ஒரு பெரிய டாக்டர். அவருடைய கொழுந்தியாள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன் நான். அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆபரேஷனை வீடியோ எடுக்கணும். ஆராய்ச்சிக்கு. முடியுமா?"

"கல்யாணத்தையே எடுக்கிறேன் சார். இதுல ஆளுங்க அசையக்கூட மாட்டாங்க."

அவர் ஆராய்ச்சி என்ன என்று எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். பெண்களுக்குச் சினைப்பையில் கட்டி வரும். அது கெட்ட கட்டியாக இருந்தாலும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, மேல்தோல் கிழியாமல் முழுசாக வெளியே எடுத்துவிட்டால், சில பேருக்கு அதோடு முடிந்தது. உள்ளேயே உடைந்து தண்ணீர் சிந்திவிட்டால், அப்புறம் மாசக்கணக்கில் ரத்தத்தில் மருந்து ஏற்றவேண்டும். உடையாமல் எடுத்தவர்கள் மருந்து இல்லாமலே நன்றாக இருக்கிறார்களா என்று வருஷக்கணக்கில் பார்ப்பதுதான் அவர் வேலை. நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முகம் தெரியாமல், வயிற்றை மட்டும் எடுக்கச் சொன்னார்.

முதல் நாள் ஆபரேஷன் தியேட்டரில் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மயங்கிவிட்டேன் என்று நர்ஸுகள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கீழ்க் கோணம் எப்படி வரும் என்று பார்த்தேன். அவ்வளவுதான்.

முதல் காசெட்டை என் வழக்கப்படியே மிக்சிங் பண்ணிக் கொடுத்தேன். பெரிய டாக்டர் போட்டுப் பார்த்தார்.

"யோவ், குடல் மேல ஏன்யா ரோஜாப்பூ விழுது?"

"கட் பண்ணது தெரியக்கூடாதுன்னு சார்."

"எனக்குக் கட் பண்ணதுதான்யா தெரியணும்."

பூ கூடாது, இதயம் கூடாது, பாட்டு கூடாது. சரி என்று வெறும் வயிற்றையே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

அந்த நேரத்தில்தான் திருக்கழுக்குன்றத்துப் பக்கம் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அம்மா வந்தார். வயது நாற்பதுக்கு மேல். அடுப்பு வேலை, மாவு, கல்லா எல்லாம் அவர்தான். புருஷன் இலை போடுவார், தண்ணீர் வைப்பார், வருகிறவர்களிடம் அரசியல் பேசுவார். வயிறு வீங்குவதைக் கடை இட்லி என்றே அந்த அம்மா நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆபரேஷன் அன்றைக்கு நான் தோளில் கேமராவோடு ஸ்டூல் மேல் நின்றேன். பெரிய டாக்டர் கையை உள்ளே விட்டு, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற பக்குவத்தில் அந்தக் கட்டியை எடுத்தார். சின்னப் பலாப்பழம் அளவு. பளபளவென்று, முழுசாக. எவர்சில்வர் பேசினில் வைத்து ஆயாவிடம் கொடுத்தார். வெளியே சொந்தக்காரர்களிடம் காட்டவேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம். எடுத்ததைக் கண்ணால் பார்த்தால்தான் வீட்டுக்காரர்களுக்குத் திருப்தி. இல்லாவிட்டால் எடுக்கவே இல்லை என்பார்கள்.

வேறு எந்த வீடியோக்காரனாக இருந்தாலும் அத்தோடு கேமராவை அணைத்திருப்பான். தாலி கட்டியதும் கேமராவை அணைக்கிறவனை நான் தொழில்காரன் என்று சொல்லமாட்டேன். பெண் எந்தப் பக்கம் போகிறதோ கேமராவும் அந்தப் பக்கம் போகவேண்டும். பேசின் பின்னாலேயே நானும் போனேன்.

வெளியே பெஞ்சில் புருஷனும், அந்த அம்மாவின் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் அச்சரப்பாக்கத்துக்காரர், டிப்பர் லாரி ஓட்டுகிறவர், வெள்ளைச் சட்டை. ஆயா பேசினைப் பெஞ்சு மேல் வைத்தாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படிச் சொல்லாமல் போயிருந்தால் தொட்டிருக்கமாட்டார்களோ என்னவோ.

"இன்னா மச்சான், இம்மாம் பெருசா கீது?" என்றார் அண்ணன்.

"தொடாத மச்சான்."

"சும்மா இரு. பின்னாடி எப்பிடி கீதுன்னு பாக்கறேன்." இரண்டு கையாலும் தர்பூசணி வாங்குகிற மாதிரி திருப்பினார். "இதுக்குள்ள இன்னா கல்லா, தண்ணியா?"

"அதை டாக்டர் சொல்லுவாரு. வுடு."

"டாக்டர் சொல்றதுக்குள்ள விடிஞ்சிடும்." கட்டை விரலை வைத்து அழுத்தினார்.

புஸ் என்றது. வெள்ளைச் சட்டையில் மார்பு வரைக்கும் அடித்தது.

அண்ணன் கொஞ்ச நேரம் சட்டையைப் பார்த்தார். "தண்ணிதான்" என்றார். பிறகு கட்டியை முன்பக்கமாகவே திருப்பி வைத்து, பச்சைத் துணியால் மூடி, பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டார். ஆயா வந்தாள், பேசினை எடுத்துக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் எடுத்தேன். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. ரிசப்ஷனில் மாமன் மோதிரம் போடுகிறார், நாம் எடுக்கிறோம், அவ்வளவுதானே.

பேசின் போய்ச் சேர்ந்தது பேத்தாலஜி அம்மாவிடம். கட்டியை வாங்கி, வாழைக்காய் சீவுகிற மாதிரி மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து நல்லதா கெட்டதா என்று எழுதுகிறவர் அவர். யாருக்கும் பயப்படாத அம்மா. கெட்ட கட்டிதான், ஆனால் ஆரம்பம் என்று எழுதினார். கூடவே, பின்பக்கம் தோல் கிழிந்திருக்கிறது என்றும் எழுதிவிட்டார்.

பெரிய டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் அப்போது காசெட் விஷயமாக அவர் ரூமில் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் முழுசா எடுத்தேன் மேடம். வீடியோ இருக்கு."

"உங்க வீடியோல முன்பக்கம் தெரியும். கிழிசல் பின்பக்கம். உங்க கைக்குள்ள இருந்த பக்கத்தை யார் பார்த்தா?"

"வயித்தைக் கழுவின தண்ணியில கெட்ட அணு ஒண்ணும் இல்லையே?"

"இல்லதான். ஆனா என் மேஜைக்கு வரும்போது கிழிஞ்சிருந்தது. நான் பார்த்ததை எழுதறேன். சந்தேகம்னா உடைஞ்ச கணக்குலதான் சேர்க்கணும். அது நீங்க போட்ட விதி."

அவர் போட்ட விதிதான். அதனால் வருகிற திங்கட்கிழமை முதல் இட்லிக் கடை அம்மாவுக்கு மருந்து ஏற்றுவது என்று முடிவாகிவிட்டது. முடி கொட்டும், வாந்தி வரும், அடுப்பு முன்னால் நிற்க முடியாது என்று சொன்னார்களாம். முடி போனால் போகட்டும், கடையைப் புருஷனிடம் விட்டால் அவர் எல்லாருக்கும் கடன் கொடுத்தே மூடிவிடுவார் என்று அந்த அம்மா வார்டில் அழுதார்.

எனக்கு அதில் என்ன புரிந்தது? பின்பக்கம், முன்பக்கம் என்று படித்தவர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். என் நினைப்பெல்லாம் வேறு. அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டலில் டாக்டர்கள் கூட்டம். பல ஊரிலிருந்து வருகிறார்கள். இந்த ஆபரேஷனைத்தான் டி.வி.யில் போட்டுக் காட்டப்போகிறார்கள். நான் கேமரா தூக்கி அலைந்த அதே கடற்கரை. அங்கே வெறும் வயிற்றைக் கொண்டுபோய்ப் போடமுடியுமா? பூவும் கூடாது பாட்டும் கூடாது என்றது ஆஸ்பத்திரிக்கு. இது சபை. இராத்திரி பகலாக உட்கார்ந்து முழு மிக்சிங் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஹாலில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் காசெட்டைப் போட்டேன். பிள்ளையார் வந்தார். அலை அடித்தது. 'நல்வரவு' என்று எழுத்து சுழன்று வந்தது. தாமரை விரிந்து அதிலிருந்து பெரிய டாக்டர் எழுந்து வந்தார். முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கட்டி வயிற்றை விட்டு மேலே எழும்புகிற நேரம் பார்த்துக் கெட்டிமேளம் வைத்திருந்தேன். ஹால் முழுக்க விழித்துக்கொண்டது. யாரோ ஒருத்தர் கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். மூன்றாவது தரம் ஸ்லோமோஷனில் போகும்போது சிரிப்பு தாங்கவில்லை. பெரிய டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு என் காதருகில் வந்தார்.

"நிறுத்துய்யா."

"சார், ரிசப்ஷன் இன்னும் வரல சார்."

"என்னய்யா ரிசப்ஷன்?"

பேத்தாலஜி அம்மா முன்வரிசையிலிருந்து கையைத் தூக்கினார். "நிறுத்தாதீங்க. கட்டி கதவைத் தாண்டி எங்க போகுது?"

கட்டி கதவைத் தாண்டி, பெஞ்சுக்குப் போய், அண்ணன் கைக்குப் போனது. முகத்தை எடுக்கவில்லை, சட்டையும் கையும்தான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அண்ணன் அதைத் திருப்பினார். பின்பக்கம் டி.வி. நிறையத் தெரிந்தது, ஒரு கீறல் இல்லாமல். அப்புறம் கட்டை விரல். வேடிக்கையாக இருக்கிறதே என்று அதற்கும் நான் ஸ்லோமோஷன் கொடுத்திருந்தேன். தோல் உள்ளே போவது, வெடிப்பது, தண்ணீர் சட்டைக்குப் பறப்பது, ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"இன்னொரு தரம்" என்றார் பேத்தாலஜி அம்மா.

போட்டேன். கேட்கக் கேட்கப் போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் எழுந்து டி.வி. பக்கத்தில் போய், கிழிசல் விழுந்த இடத்தில் விரலை வைத்தார். "நான் பார்த்த கிழிசல் இதேதான். நாளைக்குக் காலையில ஸ்லைடை எல்லாம் இன்னொரு வாட்டி பார்த்துட்டு ரிப்போர்ட்டைத் திருத்தித் தரேன்." பிறகு என்னைப் பார்த்து, "அந்த மேளத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை இட்லிக் கடை அம்மாவிடம் மருந்து வேண்டாம், மாதாமாதம் வந்து காட்டினால் போதும் என்றார்கள். உடனே அவர், "அப்ப அரிசி ஊற வெக்கச் சொல்லட்டுமா?" என்றாராம். தையல் ஆறட்டும் என்று சொல்லி நிறுத்தினார்கள். பல வருஷம் கழித்தும் அந்தக் கடையில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அதே கை, அதே சட்னி.

அண்ணன் மட்டும் ஸ்டுடியோவுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"அண்ணாத்த, என் கையை அம்மாம் டாக்டருங்க பாத்தாங்களாமே?"

"பாத்தாங்க."

"ஒரு காப்பி போட்டுக் குடு. வூட்ல காட்டணும்."

போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் அந்த ஆஸ்பத்திரியில் கட்டியை மூடி போட்ட கண்ணாடி டப்பாவில் வைத்துத்தான் சொந்தக்காரர்களுக்குக் காட்டினார்கள். அந்த விதிக்கும் என் கேமராதான் காரணம்.

சில வருஷம் போயிற்று. பெரிய டாக்டரிடம் அப்போது சின்ன டாக்டராக இருந்த ஒரு தம்பி பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தார். கையில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை. "அண்ணே, நம்ம ஆராய்ச்சி வந்துடுச்சு" என்று திறந்து காட்டினார். உள்ளே என் படம். என் மூஞ்சி இல்லை, நான் எடுத்த படம்: கட்டியும் கட்டை விரலும். என் ஸ்டுடியோவில் உட்காரவைத்து வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொன்னேன். 'நோயாளியின் உறவினர்' என்று அண்ணன் வந்துவிட்டார். 'ஒளிப்பதிவு பரிசீலிக்கப்பட்டது' என்று இருந்தது. பரிசீலித்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தது: டிரஸ்ட் தலைவருக்கு, டைப் அடித்த பெண்ணுக்கு, தையல் நூல் கொடுத்த கம்பெனிக்கு. நூலுக்கு நன்றி இருந்தது. எனக்கு இல்லை.

அதைவிட, அந்தப் படத்தின் அடியில் நான் போட்டிருந்த மஞ்சள் பட்டையைக் காணோம். கட்டை விரலுக்குக் கீழே நேராக வெட்டியிருந்தார்கள். கட்டியை அவ்வளவு பக்குவமாக எடுத்தவர்கள், என் பெயரை எவ்வளவு சுத்தமாக எடுத்திருக்கிறார்கள்.

பெரிய டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் ரிடையர் ஆகும் சமயம். காப்பி கொடுத்தார்.

"அதுல விளம்பரம் போடமாட்டாங்கய்யா" என்றார்.

"விளம்பரம் இல்ல சார். யாரு எடுத்ததுன்னு விலாசம்."

சிரித்தார். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கவில்லை.

நான் டாக்டர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கத்தி பிடித்தது அவர், சீவிப் பார்த்தது அந்த அம்மா. ஆனால் கதவுக்கு வெளியே நடந்ததை எடுத்தது யார்? எல்லாரும் அணைத்திருக்கும் நேரத்தில் கேமராவை அணைக்காதவன் யார்? அந்த ஆராய்ச்சியை இன்னொரு தரம் அச்சுப் போடுகிறவர்களும், அந்தப் படத்தை எடுத்துப் பாடம் நடத்துகிறவர்களும் கவனிக்கவேண்டும். நன்றிப் பக்கத்தில், நூல் கம்பெனிக்கு மேலே, எனக்கு ஒரு வரி வேண்டும். வெட்டிய பட்டையைத் திரும்பவும் ஒட்டவேண்டும். ஒரிஜினல் காசெட் என் பீரோவில் பூசணம் பிடிக்காமல் இருக்கிறது; வந்தால் காட்டுகிறேன், மேளத்தோடு. இந்தக் கட்டுரையில் என் பெயரை நான் எழுதவில்லை. அது இருக்கவேண்டிய இடம் அந்தக் கட்டை விரலுக்குக் கீழே. அங்கே போடுங்கள்.